ஒரு சன்னலாவது

எங்கள் தெரு அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். சட்டைப்பையில் பேனா செருகும் இடத்தில் மட்டம் பார்க்கும் சாண் நீள ரசமட்டத்தைச் செருகிக்கொண்டு திரிந்தவர் அவர் ஒருவர்தான். டீக்கடையில் உட்கார்ந்தால் முதலில் அதை மேசைமேல் வைத்துப் பார்ப்பார். குமிழி ஓரமாக நகர்ந்தால், மேசையின் காலுக்கடியில் அட்டையை மடித்துச் செருகிவிட்டுத்தான் டீயைத் தொடுவார். "ஒருநாள் என் தலை வகிட்டு மேலயும் வச்சுப் பார்த்தாரு. கோணலாம்" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார்.

என் வீட்டுச் சன்னல் கம்பிகளுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் அவரைத்தான் கூப்பிட்டேன். நானே அளந்து எழுதிய தாளைக் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இது இருக்கட்டும் சார், நானும் ஒரு தடவை பார்த்துக்கறேன்" என்றார். என் அளவுகளில் இரண்டு தப்பு என்று பின்னால்தான் எனக்கே தெரிந்தது. அவர் சொல்லிக்காட்டவில்லை. யாரையும் மறுத்துப் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் செய்து முடித்த கம்பிகளைத் தேய்த்து, துருப்பிடிக்காமலிருக்கச் செங்காவிப் பூச்சு பூசுவது மனைவியின் வேலை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் வேலை செய்வார்கள். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் சரியான சாமானைக் கொடுப்பார்.

தெருமுனை வீடு மருந்துக்கடைக்காரருடையது. அவரும் அவர் தங்கையும் மட்டும் இருந்தார்கள். தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவரும் வெளியூர் போயிருந்த சமயத்தில் ஒரு திருடன் சன்னலைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டான். காணாமல் போனது கொஞ்சம்தான். ஆனால் யாரோ ஒருவன் தன் அலமாரியைக் குடைந்து துணிகளைத் தரையெங்கும் இறைத்திருந்தது டீச்சருக்குத் தாங்கவில்லை. மறுநாளே ரசமட்டத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஏழு சன்னல்களையும் அளந்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "பின்னறைச் சன்னல்ல மட்டும் கதவு மாதிரி ஒரு பகுதி வச்சுடலாங்க. உள்பக்கம் பூட்டு. அவசரத்துக்குத் திறந்துக்கலாம்."

"திறக்குற மாதிரி வச்சா அதைத் திருடனும்தானே திறப்பான்? அதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

ரசமட்டம் தலையாட்டிவிட்டு அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டார்.

சதுரக் கம்பி, விரல் பருமன். ஒவ்வொரு முனையையும் சுவருக்குள் அரைச்சாண் இறக்கிச் சிமென்ட் வைத்தார். ஒவ்வொரு இணைப்பையும் நாலு பக்கமும் பற்றவைத்தார். மருந்துக்கடைக்காரர் கம்பியைப் பிடித்துத் தொங்கியே பார்த்துவிட்டு, "யானை வந்து இழுத்தாலும் அசையாது" என்றார். அந்தப் பாராட்டை ரசமட்டம் ஒரு வாரம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். நானே மூன்று தடவை கேட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். டீச்சர் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துப் பின்னறையில் படுத்திருந்தார். அண்ணன் கடையில் இருந்தார். கூடத்தில் மின்சாரப் பெட்டியில் பிடித்த தீ திரைச்சீலைக்கும் சோபாவுக்கும் தாவிவிட்டது. முன்வாசலுக்கோ பின்வாசலுக்கோ போக வேண்டுமானால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது டீச்சர் பின்னறைச் சன்னலில் கம்பிகளுக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

யாரோ ஓடிப்போய் ரசமட்டத்தைக் கூட்டிவந்தார்கள். கம்பி அறுக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் வந்தார். ஆனால் தெரு முழுக்க மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இயந்திரத்தை வீசிவிட்டுக் கடப்பாரையைக் கேட்டு வாங்கி இணைப்பில் கொடுத்து நெம்பினார். நாலு பேர் சேர்ந்து தொங்கினோம். கம்பி வில்லாக வளைந்ததே தவிர, அவர் பற்றவைத்த ஒரு இணைப்புகூட விடவில்லை.

"அண்ணா, சீக்கிரம்" என்றார் டீச்சர் ரசமட்டத்திடம். சத்தம் போடவில்லை. இருமலுக்கிடையில், வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"இதோம்மா, ஆச்சு. முகத்தை ஈரத்துணியால மூடிக்கோ. கீழ உட்காரு."

கம்பியை விட்டுவிட்டுச் சுவரை உடைக்க ஆரம்பித்தார். உளியும் சுத்தியலுமாக, தன் கையாலேயே வைத்த சிமென்டைக் கொத்தினார். தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது ஒரு பக்கச் சுவர் பெயர்ந்து சட்டம் சாய்ந்திருந்தது. அவர்தான் முதலில் உள்ளே இறங்கினார். டீச்சரைத் தூக்கி வெளியே கொடுத்தார். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. புகைதான் கொன்றுவிட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரி மருந்துக்கடைக்காரரையும் ரசமட்டத்தையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்டார். "அவசரத்துக்குத் திறக்க ஒரு வழி வைக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

ரசமட்டம் வாய் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரர், "இவரு ஒண்ணும் சொல்லல சார். சொல்லியிருந்தா வச்சிருக்க மாட்டேனா?" என்றார். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ரசமட்டம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டார். "சொன்னேன்னு சொல்ல உங்களுக்கு வாயில்லையா? என்கிட்ட அன்னைக்கே வந்து சொன்னீங்களே."

"ஒரு தடவைதான் சொன்னேன்."

"அது போதாதா?"

"ரெண்டாவது தடவை சொன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாருன்னு பேசாம இருந்துட்டேன். அது எனக்குத் தெரியும்ல."

அந்த அம்மாள் இதை என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து. தெருவுக்கு அது தெரியாது. "பத்த வைக்கிறதுதானே அவன் தொழில்" என்று ஒருவன் டீக்கடையில் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். ரசமட்டம் டீக்கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். இதுவரை கம்பி போட்ட வீடுகளையெல்லாம் யோசித்து யோசித்து எழுதினார். நாற்பத்திரண்டு வீடுகள். ஒவ்வொன்றாகப் போய்க் கதவைத் தட்டினார். "ஒரு சன்னலாவது அறுத்து, திறக்குற மாதிரி மாத்திக் குடுத்துடறேங்க. காசு வேண்டாம்."

துக்கம் நடந்த வீட்டுக்குக் கம்பி போட்டவர் வந்து நிற்கிறாரே என்று சிலர் கதவைப் பாதி திறந்தபடியே பேசினார்கள். காசு வேண்டாம் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று சிலர் நினைத்தார்கள். என் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "மழை முடியட்டும், பார்க்கலாம்" என்றேன். எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். "சரி சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மூன்று வீடுகள் சம்மதித்தன. நான்காவதற்குள், எந்தச் சன்னலை எப்படித் திறக்கலாம் என்று ஓர் ஆள் வீடு வீடாக வேவு பார்ப்பதாகப் போலீசில் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அரை நாள் நிலையத்தில் உட்காரவைத்தார்கள். இனி யார் வீட்டுக் கதவையும் தட்டமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

புதிதாக வேலை கொடுக்க வந்தவர்களிடம், திறப்பு வைக்கச் சம்மதித்தால்தான் கம்பி வெட்டுவேன் என்றார். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொன்னார். வந்தவர்கள் பெரிய சாலையிலுள்ள பட்டறைக்குப் போனார்கள். மருந்துக்கடைக்காரரும் அங்கேதான் போனார். வீட்டைப் பழுதுபார்த்து, ஏழு சன்னல்களுக்கும் முன்பைவிடப் பருமனான கம்பி போட்டுக்கொண்டார். திறப்பு எதிலும் கிடையாது. ஆளில்லாத வீட்டுக்குத் திருடன் வந்துவிடுவான் என்று பயமாம்.

பட்டறையை மூடிவிட்டு ரசமட்டம் இப்போது இரும்பு பீரோ செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கதவுக்குக் கீல் வைத்துப் பற்றவைக்கும் வேலை. நாளைக்கு நூற்றிருபது கீல். மனைவி அதே இடத்தில் பெயின்ட் பிரிவில் இருக்கிறார். போன மாதம் பேருந்தில் அந்த அம்மாளைப் பார்த்தேன். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்காரு. அங்க யாரும் அவர்கிட்ட யோசனை கேக்கறதில்ல. அதுவே நிம்மதின்னு சொல்றாரு" என்றார். பிறகு இறங்கும் இடம் வரைக்கும் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.