ரிவால்வரில் இரண்டு அம்புகள்

துப்பாக்கித் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு ஓய்வுக்குப் பிறகு என்ன வேலை இருக்கும்? எனக்கு இருக்கிறது. யார் வீட்டிலாவது பழைய ராணுவ ரிவால்வர் இருந்தால், அது எந்த ரகம், எந்தக் காலத்தது என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். லைசென்ஸைக் கண்ணில் காட்டினால்தான் தொடுவேன். கூலி ஒரு காபி. "பென்ஷன் வாங்கியும் உங்களுக்கு இன்ஸ்பெக்டர் பவுசு போகலைங்க" என்பாள் மனைவி. போகாமல் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கூப்பிட்டார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடித்துச் சாப்பிட்டுவிட்டு, லென்ஸும் டார்ச்சுமாக ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தேன். எழுபதைத் தாண்டிய அந்த அம்மா, நான் கேட்பதற்கு முன்பே லைசென்ஸை எடுத்து வைத்தார்.

"அப்பா பேர்ல இருந்தது, என் பேருக்கு மாத்தியாச்சு. ம்யூசியத்துக்குக் குடுத்துடப்போறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும் ஸார்."

அவர் அப்பா யுத்தத்தின்போது பர்மாவில், டாங்கிப் படை ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். மலேரியாவில் கிடந்த வெள்ளைக்கார ஆபீசரை ராப்பகலாகப் பார்த்துக்கொண்டதற்கு அவர் கொடுத்த பரிசு இந்த ரிவால்வர் என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். அப்பாவின் தம்பிக்கு ராணுவ ஸ்டோர்ஸில் உத்தியோகம். அவர் ஒருநாள் ரிவால்வரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா இதை ஏலத்துல எடுத்திருக்கார்" என்று சிரித்தார். அன்றிலிருந்து குடும்பமே சிரித்தது.

"கடைசியா ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட அந்தக் கதையை ஆரம்பிச்சார். 'போதும்ப்பா, ஏலத்துத் துப்பாக்கிக்கு எத்தனை கதை'ன்னுட்டேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி வாயே திறக்கலை. நாலாம் நாள் பரமபதிச்சுட்டார். அவர் சொன்னது நிஜமா, பொய்யா? அது தெரியணும்."

ரிவால்வரை மடக்கித் திறந்து, ஆறு அறைகளும் காலி என்று பார்த்துக்கொண்டேன். தோட்டாவைத் தட்டும் சுத்தியலுக்கு, கட்டைவிரலால் இழுக்கிற வால் இல்லை. டாங்கிக்குள் ஏறி இறங்குபவர்களின் உடையில் மாட்டாமலிருக்க, வால் இல்லாமலே செய்த ரகம் அது. சட்டத்திலும் குழலிலும் உருளையிலும் ஒரே எண்; எந்தப் பாகமும் மாறவில்லை. முத்திரையில் இருந்த ஆண்டு, அப்பா பர்மா போனதற்கு ஒரு வருடம் முந்தையது. எல்லாம் கதைக்குப் பொருந்திக்கொண்டே வந்தது. எனக்கே குஷியாகிவிட்டது.

அப்புறம்தான் அம்பைப் பார்த்தேன். மூன்று கோடுகள் ஒரு நுனியில் சேர்ந்தால் சர்க்கார் சொத்து என்று அர்த்தம். சர்க்கார் அதை விற்றுவிட்டால், நுனியோடு நுனி முட்ட எதிரே இன்னொரு அம்பை அடிப்பார்கள். இதில் இரண்டு அம்புகள் இருந்தன.

"வித்த சாமான்தாங்க அம்மா" என்றேன். அவர் தலையாட்டினார். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்படி என்ன அவசரம் எனக்கு?

சங்கடத்தை மறைக்க மறுபடி லென்ஸை வைத்தேன். கீழ் அம்பின் மூன்று கோடுகளும் ஒரே ஆழம். மேல் அம்பு அப்படியில்லை. ஒவ்வொரு கோடும் ஆழமாகத் தொடங்கி, போகப்போக மெலிந்திருந்தது. அது அச்சில் அடித்தது அல்ல, கையால் உளி தள்ளி வெட்டியது. நடுக்கோட்டின் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ காய்ந்து கிடந்தது.

"இதுல யாராவது ஏதாவது வெட்டினாங்களா?" என்று லென்ஸை அவரிடம் நீட்டினேன்.

பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இது திருமண் ஸார்!"

ஆயுத பூஜையன்று பெருமாள் பக்கத்தில் வைக்கிற ஆயுதத்துக்குத் திருமண் இல்லாமல் எப்படி என்று அவர் அம்மாவுக்குப் பிடிவாதமாம். இட்டால் துப்பாக்கி எண்ணெயில் வழிந்துவிடும். நகை செய்கிற பத்தரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லிவிட்டார். "ஏற்கெனவே இருக்கறது பீடம் மாதிரி இருக்கு, அது மேலயே வெட்டுங்கோன்னா. எனக்குப் பத்து வயசு, பக்கத்துலதான் நின்னேன். நடுவுல சிவப்பா அம்மாதான் ஸ்ரீசூர்ணம் இட்டா. சித்தப்பா பார்த்தது அதுக்கு அடுத்த வருஷம்!"

தினம் நூறு நெற்றியில் இந்த மூன்று கோட்டு நாமத்தைப் பார்க்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். இரும்பில் இருந்தபோது அது எனக்கு அம்பாகத்தான் தெரிந்தது. பெருமாளுக்கென்று அந்த அம்மா செய்த காரியம், கட்டின புருஷனை அறுபது வருடம் பொய்யனாக்கிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாளவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"ஆபீசர் கையால குடுத்தாரான்னு இரும்பு சொல்லாதுங்க. ஏலத்துல எடுத்ததில்ல. அதை நான் எழுதியே தரேன்" என்றேன். இப்படியொரு வாக்கியம் எழுத வாய்த்ததில் எனக்கு அன்று பெரிய சந்தோஷம்.

காபி வந்தது. தில்லை நகரில் இருக்கும், தொண்ணூறு வயதான சித்தப்பாவை ஃபோனில் கூப்பிட்டு, எனக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"மன்னி வேலையா அது!" என்று சித்தப்பா மெதுவாகச் சிரித்தார். பிறகு, "அண்ணா ஆரம்பிச்சாலே நான் கேலி பண்ணி நிறுத்திடுவேன். ஜுரம் தெளிஞ்சதும் அந்த ஆபீசர் என்ன சொல்லி இதைக் குடுத்தாராம்? நீ சொல்லேன், கேக்கறேன்" என்றார்.

டீச்சர் ரிவால்வரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த இடம் வரைக்கும் நானும் அப்பாவைச் சொல்லவிட்டதில்லை, சித்தப்பா" என்றார்.