அடியில் வரும் தண்ணீர்

"இழுங்க அண்ணி. கயிறு கையில, கண்ணு எங்கேயோ."

அவள் இழுத்தாள். துணிவலை படகோரம் வந்தது. அதன் வாலில் கட்டியிருந்த குடுவையைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தாள். மழைக்குப் பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய செம்மண், கொஞ்சம் மரத்தூள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். மண் இன்னும் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

"என்ன?" என்றான் கொழுந்தன். சுக்கானைப் பிடித்திருந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒன்னுமில்ல."

"நேத்தும் ஒன்னுமில்ல. போய் என்ன சொல்லப் போறீங்க?"

அவள் குடுவையைக் கடலில் கவிழ்த்தாள்.

அந்த வளைகுடாவில் சிப்பி வளர்க்கிறவர்களுக்கு வருடம் முழுவதும் வேலை உண்டு. ஆனால் வருடம் நிற்பது ஒரே ஒரு நாளை நம்பித்தான். சிப்பிக் குஞ்சுகள் தூசியைப் போலச் சில வாரம் தண்ணீரில் அலைந்துவிட்டு ஒட்டிக்கொள்ள இடம் தேடும். அப்போது அவை பிடித்துக்கொள்ளத் தண்ணீரில் கயிறு தொங்க வேண்டும். முந்தி இறக்கினால் பாசி படியும், கொட்டலசு ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சுண்ணாம்பு ஓட்டுப் பூச்சிகள் பிடித்த கயிற்றில் சிப்பிக்கு இடமில்லை. பிந்தி இறக்கினால் குஞ்சுகள் ஏதாவது பாறையைப் பிடித்திருக்கும். ஒருவன் கயிற்றில் ஏறிய கொட்டலசு அடுத்தவன் கயிற்றுக்கும் பரவும் என்பதால் எல்லோரும் ஒரே நாளில் இறக்குவதென்று ஏற்பாடு. நாளைச் சொல்வது அவள்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தவள். பழையதென்று அவர்கள் தூக்கிப் போட்ட மைக்ராஸ்கோப்பைப் புடவையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புருஷன் இருந்த காலத்தில் அவனுடைய கயிறுகளுக்காகப் பார்க்க ஆரம்பித்தது. அவன் போன பிறகு ஊருக்கே பார்த்தாள். கண்ணாடி போடாதவளுக்குக் கண்ணாடி என்று பெயர் வந்தது. பெரியவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், சின்னவர்கள் கண்ணாடியக்கா என்று நேரிலேயே கூப்பிட்டார்கள்.

போன வருடமும் பருவத்தில் மழை பிடித்துக்கொண்டது. வலையில் ஒன்றும் வரவில்லை. பொறுங்கள் பொறுங்கள் என்றாள். பொறுமை போய் அவர்களாகவே இறக்கிய கயிறுகள் பாசி தின்று மேலே வந்தன. மழையைத் திட்டிவிட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். கொழுந்தன் பெரிய படகை விற்றான். இந்த வருடமும் கைவிட்டால் நகரத்தில் மச்சானின் கிடங்குக்கு மூட்டை எண்ணப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். சும்மா சொல்கிறவன் இல்லை. பெட்டியைக்கூட எடுத்துத் துடைத்து வைத்திருந்தான்.

இன்று அந்தி சாய்வதற்குள் அவள் சொல்லாவிட்டால் எல்லோரும் இறக்கிவிடுவதென்று முடிவாகியிருந்தது. கரையிலிருந்து காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது. கரைக்காற்று குஞ்சுகளை நடுக்கடலுக்குத் தள்ளிவிடும் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி.

என்ஜின் சூடாகி இருமியது. கொழுந்தன் அதை அணைத்துவிட்டுச் சின்ன நங்கூரத்தைத் தூக்கிப் போட்டான். கயிறு விறுவிறுவென்று கடல் பக்கமாக ஓடியது. பிறகு தொய்ந்தது. பிறகு மெதுவாகத் திரும்பிப் படகுக்கு அடியில் நுழைந்து கரைப்பக்கம் போனது.

"இது என்னடா சனியன், அடியில போய் மாட்டுது" என்று அவன் நங்கூரத்தை வெடுக்கென்று இழுத்தான்.

"இரு, இரு. அதத் தொடாத."

"ஏன்?"

"மறுபடி இறக்கு. மெதுவா."

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இறக்கினான். மறுபடியும் அப்படியே: முதலில் கடலுக்கு, பிறகு கரைக்கு. தூக்கியபோது கயிற்றின் அடிப்பகுதியைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. விரலை நாக்கில் வைத்தாள். நல்ல உப்பு. குனிந்து மேல்தண்ணீரை அள்ளி வாயில் விட்டாள். உப்பே இல்லை, குட்டைத் தண்ணீர்.

"அண்ணி, வயிறு கெட்டுடப் போவுது."

"மேல இருக்கிறது ஆத்துத் தண்ணி. அதக் காத்து வெளியே தள்ளுது. அந்த எடத்துக்கு அடியில கடல்தண்ணி உள்ள வருது." சொல்லிக்கொண்டே நங்கூரத்தை அவிழ்த்து வலையின் வாயில் கட்டினாள். அவசரத்தில் முடிச்சு இரண்டு தரம் நழுவியது. "உப்பில்லாத தண்ணியில குஞ்சு என்னத்துக்கு நிக்கும்? நீ நிப்பியா?"

"நான் எங்க நிக்கிறதுன்னே தெரியாமத்தான் இருக்கேன்."

வலை ஆழத்துக்குப் போனது. அவன் துடுப்புப் போட்டான், அவள் பிடித்திருந்தாள். மேலே வந்த குடுவையில் மண் குறைவாக இருந்தது. பூதக்கண்ணாடியில் துளித்துளியாக ஏதோ தெரிந்தது. நிறையவே தெரிந்தது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

ஒட்டப் போகும் வயதில் சிப்பிக் குஞ்சும் கொட்டலசுக் குஞ்சும் ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டுக்கும் இரண்டு ஓடு, இரண்டிலும் கரும்புள்ளி. நன்றாக நீந்திக்கொண்டிருந்தால் பிரித்துச் சொல்லிவிடலாம். கலக்கி எடுத்ததில் மிரண்டு மூடிக்கொண்டால், அசையாமல் கிடப்பது எது என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். கொட்டலசு வந்திருக்கும் நாளில் இறக்கச் சொன்னால், அவளே வரவழைத்து உட்காரவைத்த மாதிரி ஆகிவிடும்.

குடுவையோடு கரைக்குத் திரும்பினார்கள். அவளுடைய அறை ஐஸ் தொழிற்சாலையின் மாடியில் இருந்தது. மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு கிடையாது. அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடியைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்ப வேண்டும். வெளிச்சம் எதிர்ச் சுவரின் மேல்விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டை வைத்துக் குனிந்தாள். எல்லாம் மூடிக் கிடந்தன.

"சிப்பிதானே?" வாசலில் நின்ற கொழுந்தன் கேட்டான்.

"தெரியல."

"பாத்தா தெரியாதா?"

"வாயத் தொறந்தாத் தெரியும்."

"அதுங்களுமா பேச மாட்டேங்குது" என்றான். சிரிக்கவில்லை. கீழே துறையிலிருந்து ஆள்கள் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவன் எட்டிப் பார்த்தான். "மீசை கயித்தப் படகுல ஏத்தறான்." ஊரில் மீசை என்று கூப்பிடப்பட்டவனும் சிப்பி வளர்க்கிறவன்தான்.

"ஏத்தட்டும்."

வெளிச்சம் மங்கியது. அவள் கண்ணாடியைத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள். ஒன்று அசைந்தது. ஓடு பிளந்தது. உள்ளேயிருந்து வெளுப்பாக, நாக்கு மாதிரி ஒரு கால் நீண்டு, தரையைத் தடவியது. கொட்டலசாக இருந்தால் ரோமம் ரோமமாகக் கால்கள் உதைத்திருக்கும். பக்கத்தில் இன்னொன்றும் நாக்கை நீட்டியது. பிறகு ஒன்று. கடைசியில் ஒன்று உதைத்துத் துள்ளி ஓடியது, அது கொட்டலசு. பரவாயில்லை, ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும்.

நிமிர்ந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

துறையில் கயிறுகள் மலைபோலக் கிடந்தன. மீசை படகில் ஒரு காலும் கரையில் ஒரு காலுமாக நின்றான்.

"வாங்க கண்ணாடி. நல்ல நேரம் பாத்தாச்சா?"

"இறக்கலாம்" என்றாள். "ஆனா வழக்கம்போல இல்ல. கயிறு தண்ணிக்குள்ள ரெண்டு ஆள் ஆழத்துலதான் ஆரம்பிக்கணும். மிதவைக்கும் கயித்துக்கும் நடுவுல நீளமா வால் கட்டி விடுங்க."

"இத்தன கயித்துக்கும் வால் கட்டணுமா? இப்பவா?"

"இப்பத்தான். மேல பூரா ஆத்துத் தண்ணி. குஞ்சு எல்லாம் அடியில வருது. காத்து அடிக்கிற வரைக்கும் வரும். நின்னுடுச்சுன்னா எனக்குத் தெரியாது."

"கரைக்காத்துல குஞ்சு உள்ள வருமா? இது புதுசா இருக்கே."

"என் கண்ணால பாத்தேன்டா" என்றான் கொழுந்தன். "நங்கூரக் கயிறு திரும்பிப் போச்சு."

மீசை படகிலிருந்த காலைக் கரைக்கு எடுத்தான். அவன் முட்டாள் இல்லை. "அப்ப போன வருஷமும் இதே மழை, இதே காத்து" என்றான் நிதானமாக. "அப்பவும் அடியில இருந்திருக்குமோ?"

கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். படியில் இறங்கும்போதே தெரியும். பழியை மழைமேல் போட்டுவிட்டு இருந்திருக்கலாம். யாரும் வற்புறுத்தியிருக்க மாட்டார்கள்.

"இருந்திருக்கும்" என்றாள். "நான் மேலேயே தேடிக்கிட்டிருந்தேன்."

கொழுந்தன் மிதவைக்கு வால் கட்டக் குனிந்திருந்தான். கை நின்றது. பெரிய படகு நின்ற இடத்தை, துறையின் அந்த மூலையை, ஒரு பார்வை பார்த்தான். பிறகு அவன் முடிச்சை இறுக்கிவிட்டு அடுத்த மிதவையை எடுத்தான்.

"நின்னு வேடிக்கை பாக்கிறவங்க கயித்த வெட்டிக் குடுங்க" என்றான், யாரையும் பார்க்காமல்.

இருட்டுவதற்குள் பாதிப் பேர் இறக்கினார்கள். மீசை தன் கயிறுகளில் பாதியை ஆழத்திலும் பாதியைப் பழைய மாதிரியும் விட்டான்.

மறுநாள் காற்று அதே பக்கத்திலிருந்து அடித்தது. கொழுந்தன் காலையில் இரண்டு கயிறுகளின் நுனியை வெட்டிக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான். வழக்கமாக நின்று பார்ப்பான். அன்று நிற்கவில்லை. ஒன்றில் நார்களுக்கு நடுவில் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டியிருந்தன. கொட்டலசும் இருந்தது, குறைவாக. கடல் பக்கத்து வெளிவரிசையிலிருந்து வந்த மற்றதில் இரண்டுமே அதிகம் இல்லை. மீசை ஆள் விட்டு வால் எவ்வளவு நீளம் என்று கேட்டான். அவள் சொல்லி அனுப்பினாள். மீதிப் பேர் கயிறு இறக்கினார்கள். மதியம் கொழுந்தன் மனைவி மாடிக்கு வந்து, கிடங்கு வேலைக்கு இந்த மாதம் வரவில்லை என்று அவர் மச்சானுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அடுத்த மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மறுபடி மழை பெய்தது.