டீசல் தின்னும் மண்

நுண்ணுயிரியல் படித்து முடித்த பெண்ணுக்கு ஆரணியில் கிடைத்த ஒரே வேலை, நான் டாக்டர் இல்லை என்று எல்லோருக்கும் சொல்வதுதான். அந்த வேலையில் இருந்தபோது எங்கள் விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால் டீசல் பீப்பாய் ஒழுகியது தெரிந்தது. மின்வெட்டுக் காலம், ஜெனரேட்டர் இல்லாமல் தறி ஓடாது. நாலடி தள்ளிக் கிணறு. அந்தத் தண்ணீரில்தான் அப்பா பட்டுக்குச் சாயம் போடுவார். எண்ணெய் கலந்தால் நூலில் சாயம் திட்டுத்திட்டாக விழும், தொழில் படுத்துவிடும்.

ஐப்பசி மழைக்குள் மண்ணைச் சரிசெய்தாக வேண்டும். லாரி மெக்கானிக் கொட்டகையில், பல வருடம் எண்ணெய் குடித்த மண்ணில், அதையே தின்று வாழும் பாக்டீரியா இருக்கும். ஒரு வாளி அள்ளிவந்து, சாணியும் கொஞ்சம் யூரியாவும் சேர்த்து டீசல் மண்ணில் கலந்தேன். தினமும் கிளறித் தண்ணீர் தெளித்தேன். யாருக்கும் விளக்கவில்லை. அப்பாவுக்குப் புரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். ஒரு மாதத்தில் நாற்றம் பாதியானது.

அப்பா பார்த்தது, மகள் எண்ணெய்க் கறையோடு மல்லுக்கட்டுவதை. எங்கள் தெருவில் கறைக்கு ஒரே வைத்தியம்தான். பட்டு நூலின் பசை போக அவித்த சோப்பும் சோடாவும் கலந்த தண்ணீர் இரண்டு அண்டா மிச்சமிருந்தது. நான் சேத்துப்பட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில், அதைக் கொதிக்கக் கொதிக்க மண்ணில் ஊற்றிவிட்டார்.

பாக்டீரியா வெந்தது. மீதி டீசலைச் சோப்பு மண்ணிலிருந்து கழற்றிக் கிணற்றுக்கு அனுப்பியது. இரண்டு நாளில் தண்ணீர்மேல் எண்ணெய் மினுமினுத்தது. அப்பா எட்டிப் பார்த்தார். சாய அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"உசுரோட கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊத்துவனாம்மா?"

மறுநாள் சாப்பிடாமல் வெளியே போனார். மத்தியானம் மெக்கானிக் கொட்டகை மண்ணோடு வந்தார். கிணறு தெளிய இன்னும் ஒரு வருடம் ஆகும், அதுவரை குழாய்த் தண்ணீரைச் சுமந்துதான் அவர் சாயம் போட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். வாளியை வெயில் படாத இடமாகப் பார்த்து மெதுவாக இறக்கினார். அதற்கு ஒரு மூடி போட்டிருந்தார். மூடி முழுக்க ஆணியால் ஓட்டை.

"மூச்சு முட்டும்ல," என்றார்.