திரும்பாமல் சொன்ன பதில்

நீதிமன்றத்துக்குப் போகும் நாட்களுக்கென்றே ஒரு சேலை வைத்திருந்தேன். சாம்பல் நிறம், கசங்காது, யாருடைய கண்ணையும் உறுத்தாது. போய்ப் போய் அதன் கரை நைந்துவிட்டது. வழக்கு மட்டும் நேற்றுப் போட்டதுபோல் அப்படியே கிடந்தது.

விவாகரத்து ஆனபோது மகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். சனி, ஞாயிறு அவள் அப்பாவிடம் போய்வருவாள். அவர் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டு கப்பல்துறை என்ற ஊரில் தனியாக இருந்தார். நான் டவுனில் வாடகை வீட்டில் இருந்தேன். எங்கள் இருவருக்கும் மிஞ்சிய பேச்சு, சனிக்கிழமை காலையில் பஸ் நிலையத்துக்கு வந்து அவர் அனுப்பும் 'வந்திட்டன்' என்ற ஒற்றைச் சொல்தான். பிறகு நான் வேலை செய்த கம்பனி இங்கிருக்கும் கிளையை மூடப்போவதாகவும், விருப்பமென்றால் கொழும்புக்கு வரும்படியும் சொன்னது. இந்த ஊரில் வேறு வேலை தேடித் தேடிக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். மகளையும் கூட்டிக்கொண்டு போக நீதிமன்றத்தில் அனுமதி கேட்டேன். ஏலாது என்று அவர் மறுத்து நின்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்ல எரிச்சலாகத்தான் இருக்கிறது. குடி இல்லை, கை நீட்டியதும் இல்லை. ஒரே வீட்டுக்குள் இருவராலும் மூச்சுவிட முடியாமல் போனது, அவ்வளவுதான். சொந்தக்காரர்களுக்கு அது போதவில்லை. ஓர் அடிதடியாவது நடந்திருந்தால் அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

மகளுக்கு அப்போது பத்து வயது. "நான் உங்களோடதான் அம்மா வருவன், எனக்குக் கொழும்பு விருப்பம்" என்பாள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஓடினேன். ஒரு தவணை நாளில் வழக்குப் பேசும் சட்டத்தரணி வரமாட்டார். இன்னொன்றில் நீதிபதி லீவு. எல்லோரும் வந்துவிட்டால் எங்கள் வழக்கைக் கூப்பிட நேரம் போதாது. வீட்டுக்கு வந்து சேலையை மடித்து அலுமாரியில் வைக்கும்போது அழுகைகூட வராது, நித்திரைதான் வரும்.

பிள்ளையோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லியிருந்த நாளில் அவளையும் கூட்டிப்போனோம். மத்தியானமாகியும் கூப்பிடவில்லை. பிள்ளைக்குப் பசிக்குமே என்று மூன்று பேரும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போனோம். பிரிந்த பிறகு ஒரே மேசையில் நாங்கள் இருந்தது அன்றுதான்.

"உமக்குப் பிளேன்ரீதானே?" என்று அவர் என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். "மகளுக்கு மீன் ரோல்ஸ்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அவள் மீன் தொடமாட்டாள். மணமே ஒத்துக்கொள்ளாது."

"ஆர் சொன்னது? ஞாயிற்றுக்கிழமை சூடை மீன் பொரிச்சா எனக்கு ஒரு துண்டும் மிஞ்சாது."

நான் சைவம். என் குசினியில் மீன் ஏறியதே இல்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை. திரும்பவும் என்னை.

"தங்கச்சி, என்ன வேணும்? கெதியாச் சொல்லுங்கோ" என்றார் கடைக்காரர்.

"பசிக்கேல்ல" என்றாள்.

காலையில் அரைத் துண்டு பாணோடு எழும்பி வந்த பிள்ளை அது. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் அவர் மெல்லக் கேட்டார். "கொழும்புக்குப் போக விருப்பமில்லையெண்டு என்னட்ட அழுதவள். உமக்குத் தெரியாதோ?"

"வர விருப்பமெண்டு என்னட்டச் சொன்னவள்" என்றேன்.

சண்டை பிடிக்க இருவருக்கும் தெம்பில்லை. களைத்துப்போனது நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். அந்தப் பிள்ளை இரண்டு வீட்டிலும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பதில் சொல்லிக் களைத்திருக்கிறாள். அன்றும் எங்களைக் கூப்பிடவில்லை. மறுபடியும் தவணை.

அந்தத் தவணை நாளும் வந்தது. எப்போதும் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தித்தான் அவளுக்குத் தலை பின்னுவேன். அன்று காலை குசினி வாசலில், சுவரைப் பார்க்க இருத்தினேன். என் முகம் தெரியாவிட்டால் என்ன சொல்வாள் என்று அறிய வேண்டியிருந்தது. உச்சி பிரித்து, இடப்பக்கத்தைப் பின்னத் தொடங்கினேன்.

"மகள், அம்மாவுக்கு என்ன விருப்பமெண்டு யோசிக்காதேங்கோ. உங்களுக்குக் கொழும்புக்கு வர விருப்பமா?"

நான் பின்னிக்கொண்டே இருந்தேன்.

"இல்லை" என்றாள் கடைசியில். "எனக்கு இந்தப் பள்ளிக்கூடந்தான் வேணும். நெற்போல் விளையாட்டு ரீமில இப்பதான் என்னை எடுத்தவை. நான் அப்பாவோட நிக்கிறன். நீங்கள் லீவு கிடைச்சவுடன வாங்கோ. வருவீங்கள்தானே?"

கேட்டது நான்தான். இவ்வளவு தெளிவாகப் பதில் வரும் என்று நினைக்கவில்லை. "வருவன்" என்றேன். குரல் எப்படியோ ஒழுங்காக வந்தது. ரிபனைக் கட்டிவிட்டு வலப்பக்கத்தைக் கையில் எடுத்தேன். அனுமதி வேண்டாம், பிள்ளை அப்பாவோடு இருக்கட்டும் என்று சட்டத்தரணியிடம் அன்றே சொல்லிவிடுவதென்று அந்தப் பின்னல் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டேன்.

"அம்மா, கோவமா?"

"இல்லை மகள்."

"அப்ப முகத்தைக் காட்டுங்கோ" என்று திரும்பப் போனாள்.

இரண்டு கையாலும் அவள் தலையை நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆடாம இருங்கோ, உச்சி கோணிப்போகும்" என்றேன். உச்சி எப்போதோ பிரித்து முடிந்திருந்தது.