ஜல்லிக்கு ஒரு முத்தம்

ஒரு ஜல்லிக்கல்லைக் கையில் எடுத்து, கன்னத்தில் ஒற்றி, ‘இது எங்க ஊரு கல்லு’ என்று சொல்லி, அதற்கு ஒரு முத்தமும் கொடுத்து, அதை வீடியோ எடுக்கச் சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்த மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மடத்தனத்தை ஓசைப்படாமல் செய்துவிட்டுப் போகிறவர்கள் பாக்கியசாலிகள். நான் பின்னணியில் இசை சேர்த்துச் செய்தேன்.

நடந்தது மாலத்தீவில். உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் நட்டுக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவன் நடுக்கடலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்றால், எல்லோரையும் போல ஏஜென்ட் மூலமாகத்தான். கான்கிரீட் கலக்கும் பிளான்ட்டில் ஹெல்ப்பர். ஜல்லியும் மணலும் தொட்டிக்குள் ஒழுங்காக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடைத்துக்கொண்டால் கடப்பாரையால் குத்திவிட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஊரிலிருந்து யாராவது போனில் கேட்டால், “பிளான்ட்டுல கீறேன்” என்பேன். அவர்கள் அதை இன்ஜினியர் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

சைட் வாசலில் பெரிய தட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அந்த நாட்டையே எப்படி மாற்றப்போகிறார்கள் என்பதற்கான படம். தீவுக்கும் தீவுக்கும் நடுவே பாலம். கடலைத் தூர்த்து உண்டாக்கிய தரையில் வரிசையாக அடுக்குமாடிகள். புது விமானநிலையம், துறைமுகம், மருத்துவமனை. ரோட்டோரம் பச்சைப் பசேலென்று மரங்கள். மரத்தடியில் கோட்டு போட்ட ஒருத்தர் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அந்தப் படத்தில் ஒரு லாரி கிடையாது. ஒரு ஜல்லிக் குவியல் கிடையாது. கடப்பாரையோடு நானும் கிடையாது. ஆனால் தினமும் அதன் முன்னால் நின்று, ‘இதையெல்லாம் நாம்தான் கட்டுகிறோம்’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உள்ளே போவேன். கிண்டல் செய்யாதீர்கள். சின்ன நாடு ஒன்று வீடில்லாத தன் ஜனத்துக்கு வீடு கட்டுகிறது. அதில் பெருமைப்படுவதில் தப்பில்லை. பெருமையை வைத்துக்கொண்டு நான் செய்ததுதான் தப்பு.

அங்கே கல் கிடையாது. நாய் கண்டால் கல்லைக் காணோம், கல் கண்டால் நாயைக் காணோம் என்பார்களே, அந்த ஊரில் நாயும் இல்லை, கல்லும் இல்லை. கால் வைத்த இடமெல்லாம் பவளம் பொடிந்த வெள்ளை மணல். தரையையே கப்பல் ஒன்று கடலிலிருந்து உறிஞ்சித் துப்பியிருந்தது. அதனால் ஜல்லி, எம்சாண்ட், செங்கல், சிமெண்ட் எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும்.

ஒருநாள் ஜல்லி வந்து இறங்கியது. கருநீலம். உடைந்த முனையில் வெயில் பட்டு மினுக்கியது. எனக்கு ஒரு நிமிடம் அக்கா வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மலை ஞாபகம் வந்துவிட்டது. மலை என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். மற்றவர்கள் பார்த்தால் குன்று என்பார்கள். அதில் பாதியைக் கல்குவாரி தின்றுவிட்டது. மீதிப் பாதியில் ஆடு மேயும். அந்தக் கருநீலமும் இந்தக் கருநீலமும் ஒன்றுதான் என்று என் மனசு தீர்ப்பு எழுதிவிட்டது. ஜல்லிக்கு என்ன, மச்சமா இருக்கிறது அடையாளம் பார்க்க?

போனை என்னோடு வேலை செய்த தூத்துக்குடிக்காரரிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். அவர் எடுத்துக்கொண்டே சொன்னார்:

“என்னவே உளறுதீரு? இது எங்க பக்கத்துக் கல்லு. தூத்துக்குடி ஆர்பர்லேருந்துதான ஏத்துனாவ.”

“நீ சும்மா புடிய்யா. எங்க மலைய எனக்குத் தெரியாதா?”

“உம்ம மலை இங்கன வரணும்னா நடந்துதாம்வே வரணும்.”

அவர் பேசியதை வெட்டி எடுத்துவிட்டேன். அந்த அளவுக்குத் தொழில்நுட்பம் எனக்குத் தெரியும். மிச்சத்தில் நான் மட்டும் இருந்தேன், பின்னால் பாதி எழும்பிய அடுக்குமாடியோடு. “ஜனங்களே! மலைய வெட்றான், மலைய வெட்றான்னு பொலம்பிக்கினு கீறீங்களே, இங்க வந்து பாருங்க. நம்ம மல எங்கயும் போவல. இங்க மாடி மாடியா நின்னுக்கினு கீது. ஒரு நாட்டையே நம்ம கல்லுதான் கட்டுது!” அதற்குப் பிறகு அந்த முத்தம்.

ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன. அன்றைக்கு முழுக்கக் கடப்பாரை எனக்குக் கனக்கவே இல்லை.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் குவாரிக்கு மிக அருகில் இருப்பது அவள் வீடுதான். நடுவில் ஒரு மாட்டுக்கொட்டகை, அதைத் தாண்டினால் பாறை. வெடி வைத்து வைத்து வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடியிருந்தது. போன் பண்ணும்போதெல்லாம் சொல்வாள்.

“செவுத்துல கை நொழையுதுடா.”

“நல்லதுதானேக்கா. காத்து வரும். ஏசி வெச்ச மாதிரி இருக்கும்.”

அவள் சிரிக்கமாட்டாள். “உனக்கு எல்லாம் வெளையாட்டு” என்று போனை மாமாவிடம் கொடுத்துவிடுவாள். எனக்கு அது புகழ்ச்சியாகவே கேட்டது. சின்ன வயசிலிருந்தே எங்கள் வீட்டில் சிரிக்கவைக்கும் இலாகா என்னுடையது.

வீடியோ போட்ட சில வாரங்களில் ஒரு போன். குவாரி முதலாளியே பேசினார். அதுவரை அவர் கார்க் கண்ணாடியைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

“தம்பி, உன் வீடியோ சூப்பர். ஒரு மீட்டிங் கீது, அதுல போட்டுக்கலாமா?”

“தாராளமா போடுங்கண்ணே. வாட்ஸப்புல வந்தது மங்கலா ஆயிருக்கும். ஒரிஜினலாவே அனுப்பறேன்.”

என்ன மீட்டிங் என்று கேட்டேனா? கேட்கவில்லை. கோயில் திருவிழாக் கூட்டம், நன்கொடைக் கூட்டம், ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி என்னைத் ‘தம்பி’ என்றதில் காது அடைத்துப்போயிருந்தது. அனுப்பும்போது இசையை இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

அது குவாரியை விரிவாக்குவதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம். மலையின் மீதிப் பாதிக்கும் அனுமதி கேட்டிருந்தார்கள். கிடைத்துவிட்டால் வெட்டு அக்காவின் மாட்டுக்கொட்டகை வரைக்கும் வரும். ஆட்சேபம் இருப்பவர்கள் அதிகாரிகள் முன்னால் எழுந்து சொல்லலாம். கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் மாமா வீடியோ காலில் வந்து சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். மாமா வழக்கமாகச் சத்தமாகப் பேசுபவர். அன்றைக்குக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“உங்கக்கா பேசறேன்னு போனா மச்சான்.”

“அக்காவா? மைக்குலயா?”

“ஒரு மாசமா மாட்டுக்கு முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பாத்தா. போன தபா வெடிச்சப்ப ஒரு கல்லு பறந்து வந்து கொட்டாய் சீட்டைப் பொத்துக்கினு வுழுந்துது. ஒரு அடி தள்ளி வுழுந்திருந்தா கன்னுக்குட்டி மேல. அந்தக் கல்லை ஒயர் கூடையில போட்டுக்கினு வந்தா, ஆபீசருங்க கிட்ட காட்டறேன்னு.”

“அப்புறம்?”

“ஷாமியானா, டீ, பிஸ்கட்டு எல்லாம் போட்டு தடபுடலா இருந்துது. லாரியில ஆளுங்களை இட்டாந்து உக்கார வெச்சிருந்தானுங்க. இவ பேரைக் கூப்புட்டாங்க. எழுந்து கூடையைத் தூக்கறா. அப்ப அவனுங்க ஆளு ஒருத்தன், ‘மொதல்ல ஒரு சின்னப் படம் சார்’னு சொல்லி ஸ்கிரீன்ல போட்டான்.” மாமா ஒரு கையை அகல விரித்துக் காட்டினார். “உன் மூஞ்சி மச்சான். இம்மாம் பெருசு.”

நான் போனை முகத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“நீ முத்தம் குடுத்தப்ப எல்லாரும் கை தட்னாங்க. மைக்குல ஒருத்தன், ‘இன்னாம்மா, உங்க தம்பியே சொல்லிட்டாரே, இதுக்கு மேல நீங்க இன்னா சொல்லப்போறீங்க’ன்னான். ஆபீசருங்களே சிரிச்சிட்டாங்க. இவ அப்படியே நின்னா. அப்புறம் கூடையை மடியில வெச்சிக்கினு உக்காந்துட்டா.”

“பேசலையா?”

“இன்னாத்தப் பேசறது?”

அக்காவிடம் போனைக் கொடுங்கள் என்றேன். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கிறாள் என்றார் மாமா. திரையில் அவருக்குப் பின்னால் அவள் புடவைத் தலைப்பு தெரிந்தது. நானும் பார்க்காத மாதிரி, “சரி மாமா, அப்புறம் பேசறேன்” என்றேன்.

மறுநாள் பிளான்ட்டில் தூத்துக்குடிக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். என் வழக்கப்படி கொஞ்சம் தமாஷாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் தமாஷ் காலை வாரிவிட்டது. அவர் குத்திக்காட்டவில்லை. “அது எங்கூருக் கல்லுன்னு அன்னிக்கே சொன்னம்லா” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடைத்துக்கொண்டிருந்த தொட்டியை என் முறை என்று தெரிந்தும் அவரே குத்திவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. பொய்யைச் சொல்லி அக்காவை உட்காரவைத்திருக்கிறேன். அதுவும் காசு வாங்காமல், நானே விரும்பி, இசையோடு. எங்கள் மலைக் கல் ஒன்றுகூட அந்தத் தீவுக்கு வந்ததில்லை. தூத்துக்குடிப் பக்கம் வேறொரு மலை, அதன் அடிவாரத்தில் வேறு யாரோ ஒருத்தியின் வீடு. அங்கேயும் சுவர் பிளந்திருக்கும் என்று தோன்றியபோது, தட்டியில் இருந்த அந்தக் கோட்டுக்காரரைப் பார்க்கப் பிடிக்காமல் சில நாள் பின்வாசல் வழியாக வேலைக்குப் போனேன்.

குரூப்பில் இருந்த வீடியோவை அழிக்கப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டது, என் போனில் மட்டும்தான் அழிந்தது. மற்ற எல்லோரிடமும் நான் முத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அனுமதி வந்துவிட்டது. என் வீடியோவால்தான் வந்தது என்று சொன்னால் அதுவும் என் பீற்றல்தான். நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. அவர்களுக்கு ஆயிரம் வழி இருந்திருக்கும். ஆனால் அக்கா பேச எழுந்தாள், பேசாமல் உட்கார்ந்தாள். அது என்னால்.

லீவில் ஊருக்கு வந்தேன். உத்திரமேரூரில் பஸ் மாறும்போதே டீக்கடையில் ஒருத்தர், “இன்னாபா, எங்க ஒரு முத்தம் குடு பாப்போம்” என்று டம்ளரை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க எனக்குப் பழக்கமில்லை.

அக்கா வீட்டுக்கு மதியம் போனேன். கொட்டகைக்குப் பின்னால் சிவப்புப் பெயிண்ட் அடித்த எல்லைக் கற்கள் நட்டிருந்தார்கள். பசுவை எட்டிப்பிடிக்கும் தூரம். பறந்து வந்த கல் போட்ட ஓட்டையில் ஒரு உரச்சாக்கை மடித்துச் சொருகியிருந்தார்கள். அக்கா, “வா” என்றாள். சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பு, எனக்குப் பிடித்ததுதான். நான் கொண்டுபோன மாசிக்கருவாட்டுப் பொட்டலத்தையும் சாக்லேட்டையும் ஜன்னலில் வைத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டினால் திருப்பிச் சொல்ல பஸ்ஸில் வரும்போதே நாலு பதில் தயார் செய்து வைத்திருந்தேன், நாலும் வீணாகிவிட்டன.

கை கழுவிவிட்டு ஆரம்பித்தேன். “அக்கா, அந்த வீடியோ...”

அதற்குள் மலைப் பக்கமிருந்து குவாரியின் வெடிச் சங்கு ஊதியது.

வாசலில் படுத்திருந்த மாமா எழுந்து உள்ளே வந்து டிவியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அக்கா சமையல்கட்டுக்குள் போய், மேடையில் இருந்த தண்ணீர்க் குடத்தைத் தாண்டி, பாத்திர அலமாரியின் முன்னால் நின்று, இரண்டு கையையும் விரித்து, எவர்சில்வர் தட்டுகளும் டம்ளர்களும் விழாதபடி தன் உடம்பை அதில் சாய்த்துக்கொண்டாள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. தினமும் செய்கிற வேலை போல அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. வெடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவள் முதுகைப் பார்த்து அவசர அவசரமாகச் சொன்னேன்.

“அக்கா, அது நம்ம ஊரு கல்லே இல்லக்கா. எல்லாம் பொய்யி. இன்னொரு வீடியோ எடுத்து, நான் சொன்னது பொய்யின்னு நானே சொல்லிடறேன். ஊர் பூரா பாக்கட்டும். ஆபீசருங்களுக்கும் அனுப்பறேன். இன்னிக்கே போடறேன்கா, போடட்டுமா?”

அவள் திரும்பவில்லை.

“அந்தக் கொடத்தப் புடி.”