எண்ணி வைத்த சுளைகள்

ஒரு பலாப்பழத்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் ப்ளாக்கில் அம்மாவின் பெயர் கெட்டது.

அப்பாவின் தங்கை காடாம்புலியூரிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிதில் தூங்கவே மாட்டாள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து எழுந்து கதவைத் திறப்பாள். மனநல டாக்டரின் மாத்திரையில் அந்தக் குரல் அடங்கியது. தூக்கம் வந்தது, கூடவே அடங்காத பசியும் வந்தது. சில மாதங்களில் அத்தையின் ரவிக்கை ஒன்றுகூடச் சேரவில்லை. அவள் வைத்தியம் பற்றி வெளியே யாருக்கும் தெரியாது. பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி, "நல்லா தேறிட்டியே!" என்று மனதாரப் பாராட்டினார். குண்டாகிவிட்டோம் என்று அன்றே அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டாள். மறுபடி கதவைத் திறக்க ஆரம்பித்தாள்.

"மாத்திரையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தட்டைப் பாருங்கள்" என்றாராம் டாக்டர். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தட்டில் சோறு குறைந்து காய் ஏறியது. டீயில் சர்க்கரை போயிற்று. முறுக்கு டப்பாவில் வறுத்த கடலை குடியேறியது. அத்தைக்கு மட்டும் தனித் தட்டு என்றால் அவள் மனசு நோகும் என்று எல்லோருக்கும் அதே சாப்பாடு. ஷிப்ட் முடிந்து வரும் அப்பா சுரைக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுத்தான் உட்காருவார்.

அப்போதுதான் ஊரிலிருந்து பெரியப்பா பலாப்பழம் அனுப்பினார். அம்மா ஆளுக்கு ரெண்டு சுளை எண்ணி வைத்துவிட்டு மிச்சத்தை ப்ளாக்குக்குப் பங்கு போட்டாள்.

"இன்னும் ரெண்டு குடு அண்ணி" என்று அத்தை கேட்டது, பங்கு வாங்க வந்த ஆன்ட்டி காதில் விழுந்துவிட்டது.

"ஏன்க்கா, அவங்க பொறந்த வூட்டுப் பழம். அவங்களுக்கே இல்லையா?"

"ரெண்டு போதும்ங்க" என்றாள் அம்மா. ஆன்ட்டியின் பங்கை எடுத்துக் கொடுத்தாள்.

நாத்தனாரைப் பட்டினி போடுகிறவள் என்று பேச்சு பரவியது. தோழிகளின் வீட்டில் என் தட்டில் கூடுதலாக ஒரு இட்லி விழுந்தது. இட்லியைத் தின்றுவிட்டு வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன்.

"நீ அத்தைக்கு சோறே போடறதில்லன்னு எல்லாரும் பேசிக்கிறாங்கம்மா!"

"பேசிக்கினு போவட்டும். அத்தை மாத்திரை போட்டாளான்னு பாத்துட்டு வா."

போட்டிருந்தாள். கொஞ்ச நாளாக எடையும் ஏறவில்லை, கதவும் திறக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் தீரவில்லை. மாத்திரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவைப் பற்றி ப்ளாக்கே வாயை மூடியிருக்கும். அடுத்த நிமிஷமே அத்தையைப் பற்றித் திறந்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.