சேமிக்கும் இடம் வருவதற்குள்

கொல்லிமலைக்கு அருவி பார்க்கப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள், மிளகும் தேனும் வாங்கப் போவார்கள். நான் ஒரு விளையாட்டுப் பெட்டியைச் சோதித்துப் பார்க்கப் போனேன். நாற்பத்தொரு வயது ஆளுக்கு இது அழகா என்று வீட்டில் கேட்டார்கள்.

பெட்டி என்று சொன்னாலும் அது முழுக் கணினிதான். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற அகலம். நடுவில் திரை, இருபுறமும் குமிழ்களும் பொத்தான்களும். மேசைக் கணினியில் ஓடும் விளையாட்டுகள் இதிலும் ஓடும் என்பார்கள். ஆனால் அவை வேறொரு இயங்குதளத்துக்காக எழுதப்பட்டவை. இதில் நடுவே ஒரு மென்பொருள் உட்கார்ந்துகொண்டு மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. எது ஓடும், எது முரண்டு பிடிக்கும் என்பதை வாங்கியவர்தான் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் அலுவலக வேலை போக மீதி நேரத்தில் இப்படிப்பட்ட கருவிகளைப் பற்றி ஒரு சின்ன வலைப்பக்கத்தில் எழுதிவருகிறேன். ‘சோபாவில் உட்கார்ந்து யார் வேண்டுமானாலும் எழுதலாம், பஸ்ஸில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்’ என்று ஒரு வாசகர் சீண்டியிருந்தார். ரோஷம் வந்துவிட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவும், சிக்னல் வந்து வந்து போகும் மலையும் இருக்கும்போது வேறு சோதனைக்கூடம் எதற்கு என்று கிளம்பிவிட்டேன்.

காலை ஏழு மணி, நாமக்கல். செம்மேடு போகும் பஸ்ஸில் முன்படிக்கட்டை ஒட்டிய இடப்பக்க ஜன்னல் இருக்கை கிடைத்தது. மலைமேல் செம்மேடு வரை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கண்டக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் செல்வம் என்பது ஏறுகிறவர்கள் எல்லாம் அவரைக் கூப்பிட்ட கூப்பாட்டிலேயே தெரிந்துவிட்டது. டிக்கெட் கொடுக்கும்போது என் கையிலிருந்ததைப் பார்த்து, “இது என்னங்க சார், டிவியா?” என்றார். “ஆபீஸ் கம்ப்யூட்டர்” என்றேன். விளையாட்டுப் பெட்டி என்று சொல்ல வாய் வரவில்லை.

சேந்தமங்கலம் தாண்டுவதற்குள் நான்கு விளையாட்டுகளைத் திறந்துவிட்டேன். ‘நன்றாக ஓடும்’ என்று விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையே பச்சை டிக் போட்டுக் கொடுத்த புது விளையாட்டு, இணையம் இல்லை என்றதும் வாசலிலேயே நின்றுவிட்டது. கார்ப் பந்தயம் ஓடியது. ஆனால் பெட்டியைச் சாய்த்தால் கார் திரும்பும்படி அமைந்த ஆட்டம் அது. பஸ் திரும்பும்போதெல்லாம் என் கார் போய்ச் சுவரில் முட்டியது. மூன்றாவது கையைச் சுட்டது, பேட்டரியையும் குடித்தது. கடைசியாகத் திறந்தது பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய பழைய விளையாட்டு. யாரும் சோதித்ததில்லை என்று கடை கைவிரித்திருந்த அது வெண்ணெய் மாதிரி ஓடியது. ஒரே ஒரு கோளாறுதான். இந்தப் பெட்டியின் பெரிய வசதியே, ஒரு பொத்தானை அழுத்தினால் உறங்கிவிடும், மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து எழும் என்பது. இந்தப் பழைய விளையாட்டு மட்டும் உறங்கினால் எழவில்லை. திரை கறுத்துப்போய் எல்லாம் முதலிலிருந்து. ஆட்டத்துக்குள் ஆங்காங்கே விளக்கெரியும் ஒரு சின்ன மண்டபம் வரும். அதன் படியேறினால்தான் அதுவரை ஆடியது பதிவாகும்.

எட்டரை மணி வாக்கில் காரவள்ளி. மலைப்பாதை இங்கேதான் தொடங்குகிறது. தயாராகக் காத்திருந்த கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. கூட்டத்துக்கு மேலாக ஒரு கை கட்டைப்பை ஒன்றைக் கண்டக்டரிடம் நீட்டியது.

“செல்வண்ணா, அக்கா ஊட்டு மாடு கன்னு போட்டுப்போட்டு படுத்துருச்சு. எந்திரிக்கவே மாட்டீங்குது. மேல எங்கயும் கால்சியம் பாட்டில் இல்லீங்களாம். பலாமரத்து ஸ்டாப்புல அக்கா நிக்கும்.”

“குடு குமாரு, நான் பாத்துக்கறேன்.”

பையை வாங்கிய செல்வத்தால் நகர முடியவில்லை. சுற்றிலும் பார்த்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் நான். அவர் பார்வைக்குப் படித்தவனாக, ஆபீஸ் ஆளாகத் தெரிந்திருப்பேன். பையை என் மடியில் வைத்தார்.

“சார், வாழவந்தி நாட்டுக்குள்ள போனதும் ரோட்டோரம் பெரிய பலாமரம் வரும். ஒரு அக்கா நிப்பாங்க, ஜன்னல் வழியா நீட்டிப்போடுங்க. நான் பின்னாடி டிக்கெட் போட்டுட்டு இருப்பேன், விசில் மட்டும் குடுக்கறேன்.”

“கொடுத்துடறேங்க” என்றேன். கொல்லிமலையில் ஊர்த்தொகுதியை ‘நாடு’ என்பார்கள்.

இந்தப் பாதையில் இது சாதாரணம் என்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது. நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வைக்கிறார். மருந்து, தூக்குப்போசியில் சோறு, செருப்பு, மோட்டார் உதிரிபாகம் எல்லாம் ஆளில்லாமல் மலையேறுகின்றன. மடி காலியாக இருக்கிற எவரும் இதில் சேர்த்திதான். யாரும் யாரையும் ‘முடியுமா’ என்று கேட்கவில்லை.

வளைவுகள் ஆரம்பித்தன. ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் எண் எழுதியிருக்கிறது. பத்து வரை எண்ணினேன். பிறகு பையின் மேலேயே பெட்டியை வைத்துக்கொண்டேன். உயரம் வசதியாக இருந்தது. பஸ்ஸில் பாட்டுச் சத்தம், பெட்டிக்குள் விசிறிச் சத்தம். காதில் இயர்பட் மாட்டிக்கொண்டேன். சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும் ஜன்னலில் போயின என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. நான் பார்க்கவில்லை.

இனி எழுதப்போவதை நான் மாற்றிச் சொல்லலாம். காதில் எதுவும் கேட்கவில்லை, கவனிக்கவில்லை என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பஸ் வேகம் குறைந்தது எனக்குத் தெரிந்தது. ஜன்னலோரம் ஒரு பச்சைப் புடவை கூடவே ஓடிவந்ததும், கம்பியில் ஒரு கை தட்டியதும் தெரிந்தது. விளக்கெரியும் மண்டபம் திரையில் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. இப்போது பெட்டியைக் கீழே வைத்தால் ஒரு மணி நேர ஆட்டம் போச்சு. ‘இதோ, ஒரு நிமிஷம்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். விசில் சத்தம் கேட்டது. மண்டபத்தின் படியேறிப் பதிவு செய்துவிட்டு நிமிர்ந்தேன். இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. பலாமரத்தையும் காணோம், புடவையையும் காணோம்.

அப்போதாவது ‘நிறுத்துங்க’ என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நிறைந்த பஸ்ஸில் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூசியது. பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செம்மேடு வரை உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது செல்வம் டீக்கடைப் பக்கம் நின்றிருந்தார். அவர் கண்ணில் படாமல் நழுவி, ஒரு ஆட்டோவைப் பிடித்தேன்.

“பலாமரத்து ஸ்டாப்புங்களா? இப்பத்தானுங்களே அந்த வழியா வந்தீங்க?” என்றார் ஆட்டோக்காரர். போகவர நானூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

பலாமரத்தடியில் யாரும் இல்லை. விசாரித்து, சரிவில் இறங்கி, குமாரின் அக்கா பழனியம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தபோது பதினொரு மணி இருக்கும். சிமெண்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் பசு காலை மடக்கிப் படுத்திருந்தது. கழுத்தை வயிற்றுப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தது. கன்றை எட்டக் கட்டியிருந்தார்கள். அந்தப் பச்சைப் புடவையில், ஈரச் சாக்கால் பசுவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என் கையிலிருந்த பையைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார்.

“சாமி, கொண்டாந்துட்டீங்களா! பஸ்ஸோடவே ஓடுனேனுங்க, ஜன்னல் ஜன்னலாத் தட்டுனேன். அந்தச் செல்வம் விசிலடிச்சுட்டுப் போயிட்டானுங்க. நீங்க யாருங்க அண்ணா? பை பஸ்ஸுல கெடக்கறதப் பாத்துப்போட்டு எடுத்துட்டு வந்தீங்களா?”

என் தலை ஒரு மாதிரி ஆடியது. அதை அவர் ‘ஆமாம்’ என்று எடுத்துக்கொண்டார், நானும் அப்படியே எடுத்துக்கொள்ள விட்டேன்.

மருந்து வந்துவிட்டது, ஏற்றுவதற்கு மாட்டு டாக்டர் இல்லை. பஸ் வரும் நேரத்துக்குச் சரியாக வந்து காத்திருந்தாராம். பை வரவில்லை என்றதும் எடப்புளி நாட்டில் இன்னொரு மாட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். போன் எடுபடவில்லை. பழனியம்மாவின் வீட்டுக்காரர் டூவீலரை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடிப் போனார். எனக்கு நாற்காலி போட்டார்கள். காப்பி கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன்.

“அதெப்படீங்க? அத்தன தூரம் திரும்பி வந்திருக்கீங்க, குடிங்க. இதோட பால்லதானுங்க என்ற மக காலேஜுக்குப் பஸ்ஸேறிப் போறா” என்றார் பழனியம்மா, பசுவின் நெற்றியைத் தடவிக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து என் தோள்பைக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டது. பதற்றத்தில் பெட்டியை அணைக்காமலே பைக்குள் திணித்திருக்கிறேன். இயர்பட்டைக் கழற்றி வைத்ததும் சத்தம் வெளியே வந்துவிட்டது. மண்டபத்தில் இளைப்பாறும்போது வாசிக்கும் இனிய புல்லாங்குழல்.

“போனுங்களா? எடுத்துப் பேசுங்க” என்றார் அவர்.

“பரவாயில்லைங்க, அப்புறம் பேசிக்கிறேன்” என்று பைக்குள் கைவிட்டுப் பொத்தானை அழுத்தி அணைத்தேன். பெட்டி கொதித்தது. என் முகமும்தான்.

டாக்டர் வந்து சேர மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு வேலைக்கு வந்த பெண், பெயர் ஸ்டெல்லா. பாட்டிலை மாட்டி, கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினார். பசுவின் காது அசைந்தது, சாணி போட்டது. எழவில்லை. முன்னங்காலை ஊன்றிப் பார்த்துவிட்டு மறுபடி சரிந்தது.

“காலையிலேயே ஏத்தியிருந்தா இந்நேரம் எழும்பி நின்னிருக்கும். ரொம்ப நேரம் ஒரே பக்கமா படுத்திட்டுல்லா, பின்னங்கால் மரத்துப் போச்சு. ராத்திரி திருப்பித் திருப்பிப் போடுங்க. எழும்பலன்னா நாளைக்குப் பாப்போம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களாவது கொண்டு வந்தீங்களே” என்றார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார்.

செம்மேட்டு விடுதி அறையில் அன்று மாலை பெட்டியைச் சார்ஜில் போடவில்லை. அருவிக்குப் போகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்க நல்ல மலை, நல்ல பனி. எதையும் ரசிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மறுநாள் காலை கீழே இறங்கும் பஸ்ஸில் ஏறினால், அதே செல்வம். “வாங்க சார், வேலை முடிஞ்சுதுங்களா?” என்று சிரித்தார். பை போய்ச் சேர்ந்த கதை அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் கூட்டம் அவரைப் பின்னால் இழுத்துக்கொண்டது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நானாக எழுந்து பின்னால் போகவில்லை.

பலாமரம் வந்தது. நடுரோட்டில் கைநீட்டி பஸ்ஸை நிறுத்தினார் பழனியம்மா. காலை பஸ்ஸில் இறங்குவேன் என்று அவரிடம் நேற்றே சொல்லியிருந்தேன். இரவெல்லாம் விழித்த முகம்.

“ஏம்ப்பா செல்வம், நீ சோறுதான் திங்கறியா? ஒரு பைய நம்பிக் குடுத்தா இப்படித்தான் பண்ணுவியா? மாடு இன்னும் எந்திரிக்கல, தெரியுமா? இந்த அண்ணன் மட்டும் பாக்கலீன்னா அது நேத்தே செத்திருக்கும்!” என்று பஸ்ஸே கேட்கக் கத்திவிட்டு, ஜன்னல் வழியாக ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தை என் மடியில் வைத்தார். “புள்ளைங்களுக்குக் குடுங்க அண்ணா.”

செல்வம் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிறகு பழனியம்மா பக்கம் திரும்பி, “என்ற தப்புதானுங்க அக்கா. கையில வாங்குனவன் நானு. நானே குடுத்திருக்கோணும்” என்றார்.

இதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன்.

“அவர் மேல தப்பில்லைங்க. அவர் என்கிட்டதான் கொடுத்தார், சொல்லித்தான் கொடுத்தார். நீங்க தட்டினதும் எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா? அப்புறம் ஏனுங்க குடுக்கல?”

“விளையாடிட்டு இருந்தேன்.”

முன்சீட்டுக் குழந்தை ஒன்று திரும்பி என்னைப் பார்த்தது. பழனியம்மா திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் திட்டவில்லை. என் நரைத்த தலையை, சட்டையை, தோள்பையைப் பார்த்தார். நான் பழத்தை எடுத்து நீட்டினேன்.

“குடுத்தது குடுத்ததுதானுங்க, வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு, செல்வத்தின் பக்கம் திரும்பி, “மனசுல வெச்சுக்காத கண்ணு” என்றார். சரிவில் இறங்கி மாட்டிடம் போய்விட்டார்.

இறங்கும்போது எழுபது வளைவையும் பார்த்தேன். அழகான பாதை. பழம் மடியில் கனத்தது. செல்வம் என் பக்கம் வரவில்லை.

பத்து மணி வாக்கில் காரவள்ளி. நேற்றுப் பையை நீட்டிய குமார் ஓடிவந்து கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். “செல்வண்ணா, இப்பத்தான் அக்கா போன் பண்ணுச்சு. எந்திரிச்சிருச்சாம்! நாலு காலையும் ஊனி நின்னு கன்னுக்குப் பால் குடுக்குதாம்!” பின்சீட்டுவரை சேதி பரவியது. “அப்பாடா” என்றார் ஒருவர். ஓட்டுநர் ஹாரனை ஒருதரம் அடித்தார். எல்லோரிடமும் சொன்ன செல்வம் என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லவில்லை. எனக்கும் கேட்டது, அவ்வளவுதான்.

பஸ் புறப்படும் நேரத்தில் ஒரு பெரியவர் தூக்குப்போசி ஒன்றை நீட்டினார். நாமக்கல் ஆஸ்பத்திரியில் மகள் சேர்ந்திருக்கிறாளாம், ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் மருமகன் நிற்பாராம், சூடான ரசச் சோறாம். செல்வம் வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜன்னலோரம் நான். பழத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

“இங்க கொடுங்க, நான் வச்சுக்கிறேன்.”

“இருக்கட்டுங்க சார்” என்றார் செல்வம். குரலில் கோபமே இல்லை. “நீங்க விளையாடுங்க.”

என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அதைக் கொடுத்தார். அந்தப் பெண் கம்பியிலிருந்து கையை எடுத்து வாங்கிக்கொண்டார்.